35 வினாடியில் ஆறு பாயிண்ட்: டியூக் தோற்றதா, நடுவர் தோற்கடித்தாரா?

டியூக் ரசிகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு நீங்கள் கேட்டிருப்பது இது: 2025 அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் (என்.சி.ஏ.ஏ.) அரையிறுதியில் ஹூஸ்டனுக்கு எதிராக 35 வினாடி மீதமிருக்க ஆறு பாயிண்ட் மேலே இருந்த அணி எப்படித் தோற்றது? டியூக்கின் நட்சத்திரம் கூப்பர் ஃப்ளாக் மேல் கடைசியில் ஊதிய ஃபவுலை முதல் பாதியில் ஊதியிருப்பார்களா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கடைசி இரண்டு நிமிடத்தில் பையன்கள் ஏன் இப்படிச் சொதப்புகிறார்கள், நடுவர்கள் ஏன் ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்? கேள்வி நான்காக இருந்தாலும் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்தத் தோல்விக்கு யார் மேல் கோபப்படலாம்? ஒற்றைப் பெயரில் பதில் கிடையாது. யார் பங்கு எவ்வளவு என்று ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும்.

எனக்கு இதில் என்ன தகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அணியில் கார்டாக ஆடியவன். அப்புறம் 17 வருடம் மாவட்ட, மாநில அளவு ஆட்டங்களில் விசில் ஊதியிருக்கிறேன். எல்லாம் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிகளின்படி. என்.சி.ஏ.ஏ. ஆட்டம் ஒன்றைக்கூட நடத்தியதில்லை. அது மார்ச், ஏப்ரல் விடிகாலைகளில் காபி டம்ளரோடு பார்த்துப் பழகியதும், விதிப்புத்தகத்தை உட்கார்ந்து படித்ததும்தான். ஆகவே அமெரிக்க நடுவரின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் சொல்லும் இடங்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். விசில் வாயில் இருக்கும்போது கண்ணுக்கு என்ன தெரியும், எது தெரியாது என்பதில் தள்ளுபடி வேண்டாம்.

முதலில் அந்த 35 வினாடியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். சான் அன்டோனியோவின் அலமோடோம், ஏப்ரல் 5 இரவு. நமக்கு 6ஆம் தேதி காலை. எட்டு நிமிடம் இருக்கும்போது டியூக் 14 பாயிண்ட் மேலே. 35 வினாடி இருக்கும்போது 67-61. ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் ஒரு த்ரீ (மூன்று பாயிண்ட் ஷாட்) போட்டார், 67-64. இப்போது டியூக் செய்ய வேண்டிய வேலை பந்தை எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே போடுவது மட்டும். அந்தப் பாஸ் களவு போனது. ஹூஸ்டன் அவசரமாக ஒரு த்ரீ எறிந்து தவறவிட்டது. துள்ளி வந்த பந்தை ஜோசப் டக்லர் அப்படியே வளையத்துக்குள் அறைந்தார், 67-66. உடனே ஹூஸ்டன் வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. டைரீஸ் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தார், முதலாவதே தவறியது. அந்த ரீபவுண்டுக்கு, அதாவது தவறித் துள்ளிய பந்துக்கு, ஹூஸ்டனின் ஜே’வான் ராபர்ட்ஸும் ஃப்ளாக்கும் எழும்பியபோதுதான் நீங்கள் சொல்லும் விசில். மீதம் 19.6 வினாடி. ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டார், 68-67. ஃப்ளாக்கின் கடைசி ஜம்ப் ஷாட் தவறியது. முடிவு 70-67.

இதில் உங்களைக் கோபப்படுத்திய விசில் ஒன்று. அதற்கு முன் டியூக் கையிலேயே இருந்து நழுவியவை இரண்டு: அந்த உள்பாஸ், அந்த ஃப்ரீ த்ரோ. கடைசிப் பத்து நிமிடத்தில் டியூக் போட்ட ஃபீல்ட் கோல் (ஃப்ரீ த்ரோ அல்லாத கூடை) ஒன்றே ஒன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசில் மறுபக்கமும் ஊதியது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள், டியூக் ஆள் உள்ளே போடத் தூக்கி வைத்திருந்த பந்தைக் கோட்டைத் தாண்டிக் கைநீட்டித் தட்டியதற்காக டக்லர் மேல் டெக்னிக்கல் ஃபவுல் விழுந்து, டியூக்குக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் கிடைத்தன. அன்று ஹூஸ்டன் தோற்றிருந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவர் இதே கேள்வியை டக்லரை வைத்துக் கேட்டிருப்பார்.

ஃப்ளாக்கின் கடைசி ஷாட்டை நான் சொதப்பலில் சேர்க்க மாட்டேன். அணியின் சிறந்த வீரர், கூடைக்குப் பக்கத்தில், தானே தேர்ந்தெடுத்த இடத்தில், ஒற்றை ஆளுக்கு எதிராக எறிந்தார். எந்தக் கோச்சும் அதை வாங்கிக்கொள்வார். நல்ல ஷாட் விழாமல் போவது வேறு, ஷாட்டே போகாமல் பந்தை இழப்பது வேறு. தோற்ற அன்று இரண்டும் நமக்கு ஒன்றாகத் தெரிகின்றன.

ஷாட்டே போகாத கதையும் அதே தரையில், இரண்டே நாள் கழித்து நடந்தது. ஃப்ளோரிடாவுக்கு எதிரான இறுதிப் போட்டி. இந்த முறை இரண்டாம் பாதியில் 12 பாயிண்ட் வரை மேலே போய்க் கோட்டை விட்டது ஹூஸ்டன். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 64-63 என்று பின்தங்கியது. அடுத்த தாக்குதலில் ஷார்ப்பின் பந்து நழுவி வெளியே போனது. கடைசித் தாக்குதல், 65-63. ஷார்ப் த்ரீக்கு எழும்புகிறார், ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் ஜூனியர் பாய்ந்து வருகிறார். எறிந்தால் அவர் கை, பிடித்துக்கொண்டு இறங்கினால் ட்ராவலிங் (பந்தைக் கையில் வைத்துக் காலை நகர்த்தும் விதிமீறல்). அந்தரத்தில் வேறு வழி தெரியாமல் ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டார். தானே திரும்பத் தொட்டால் அதுவும் விதிமீறல். ஆகவே தன் கண்ணெதிரே துள்ளும் பந்தைத் தொட முடியாமல் நின்றார். அலெக்ஸ் காண்டன் அதன்மேல் விழுந்தார், நேரம் முடிந்தது. சனிக்கிழமை அந்த த்ரீயைப் போட்டு மீட்சியைத் தொடங்கிவைத்த அதே ஷார்ப், அதே கைகள்.

இதனால்தான் ‘மன உறுதி இல்லை’, ‘சின்னப் பையன்கள், பதறிவிட்டார்கள்’ போன்ற விளக்கங்கள் எனக்கு அரைகுறையாகப் படுகின்றன. டியூக்கின் தொடக்க ஐவரில் மூன்று பேர் முதலாம் ஆண்டு மாணவர்கள் என்பது உண்மை. ஆனால் ஹூஸ்டன் முதிர்ந்த அணி. ராபர்ட்ஸ் அந்தக் கல்லூரிக்கு வந்தே ஐந்து வருடத்துக்கு மேல். வயது காப்பாற்றும் என்றால் திங்கட்கிழமையும் காப்பாற்றியிருக்க வேண்டும்.

கடைசி இரண்டு நிமிடம் என்பது தனித் தொழில். உள்பாஸ் போடுபவருக்கு ஐந்து வினாடி. நால்வரில் யார் முதலில் வெட்டி வருவார், அவர் அடைபட்டால் இரண்டாவது யார், இருவரும் அடைபட்டால் டைம் அவுட் கேட்க நமக்கு மிச்சம் இருக்கிறதா? இது திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஏற வேண்டிய விஷயம். பருவ காலத்தில் கல்லூரி அணி வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி செய்யலாம் என்பது என்.சி.ஏ.ஏ. விதி. அதில் பெரும்பகுதி வழக்கமான ஆட்டத்துக்கே போய்விடும். அதோடு, 2021இல் இருந்து ஒரு வருடம் உட்காராமலே கல்லூரி மாறலாம், 2024இல் இருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. நவம்பரில் சேர்ந்து ஆடத் தொடங்கும் ஐந்து பேர் ஏப்ரலில் பிரிந்துவிடுகிறார்கள். தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் அணி இதே மாதிரியான முடிவுகளை ஒரு பருவத்தில் எத்தனையோ முறை ஆடிப் பார்க்கிறது, அதுவும் சம்பளத்துக்கு, அதே ஆட்களோடு.

இன்னொரு காரணம் கோச்சுகளின் கையில் இருக்கிறது. முன்னிலை கிடைத்ததும் நேரத்தைத் தின்பதற்காக 30 வினாடி ஷாட் கடிகாரத்தில் இருபது வினாடி சும்மா டிரிபிள் செய்துவிட்டு, எட்டு வினாடி இருக்கும்போது தாக்கத் தொடங்குவார்கள். எதிரணிக்கு எங்கே நெருக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துவிடும், கடைசியில் கிடைப்பது அவசர ஷாட். பத்து நிமிடத்தில் ஒரே ஃபீல்ட் கோல் போன்ற வறட்சிகளுக்கு இதுவே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். எண்களால் நிரூபித்த விஷயம் என்று சொல்லவில்லை. எங்கள் கல்லூரி அணியிலும் இப்படித்தான் ஆடினோம், இப்படித்தான் தோற்றோம்.

ப்ராக்டர் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவில் அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது, நம் ஊர் விதிகளில் பழகியவர்களுக்கு இது புதிது. அங்கே ஆட்டம் 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. ஒரு பாதியில் எதிரணி ஏழாவது ஃபவுல் செய்ததும் உங்களுக்கு ஒன்று கிடைக்கும். அது விழுந்தால் மட்டுமே இரண்டாவது. பத்தாவது ஃபவுலில் இருந்துதான் நேராக இரண்டு. 70 சதவீதம் போடும் ஆளை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வீச்சு உறுதி என்றால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது. முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது என்றால் நூற்றுக்கு முப்பது. பெண்கள் ஆட்டம் 2015-16இல் நான்கு கால்பகுதிகளுக்கு மாறியபோது இதைத் தூக்கிவிட்டது. ஆண்கள் ஆட்டத்தில் இன்னும் இருக்கிறது. நாம் சொதப்பல் என்று பார்ப்பதில் ஒரு பகுதி இந்த விதி செய்யும் வேலை.

2008 இறுதிப் போட்டியில் மெம்ஃபிஸுக்கு நடந்ததும் இந்த வகைதான். இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது கான்சாஸை விட ஒன்பது பாயிண்ட் மேலே. அப்புறம் ஃப்ரீ த்ரோக்கள் வரிசையாகத் தவறின. தவறவிட்டவர்களில் டெரிக் ரோஸும் ஒருவர். மூன்று பாயிண்ட் வித்தியாசத்தில் மாரியோ சால்மர்ஸ் 2.1 வினாடி இருக்கும்போது த்ரீ போட்டுச் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் கான்சாஸ் 75-68. சால்மர்ஸ் எறியும் முன்பே ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோவோடு நிறுத்தியிருக்க வேண்டாமா என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை. எனக்கும் ஃபவுல் செய்வதுதான் சரி என்று தோன்றும். ஆனால் இது சந்தேகக் கணக்கில் சேர வேண்டிய விஷயம். 2009-10 பருவ ஆட்டங்களை எடுத்துக்கொண்டு ஹார்வர்ட் மாணவர் ஒருவர் எண்ணிப் பார்த்தபோது, ஃபவுல் செய்த அணிகளுக்கும் செய்யாத அணிகளுக்கும் வெற்றி விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. ஆகவே மூன்று பாயிண்ட் மேலே இருக்கும் கோச் ஃபவுல் செய்யச் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் அவரை முட்டாள் என்று திட்டாதீர்கள்.

சரி, நடுவர்களுக்கு வருகிறேன். வீரரின் தவறும் நடுவரின் தவறும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பதற்கு 1993 இறுதிப் போட்டியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மிச்சிகன் 71, வட கரோலைனா 73, சுமார் 20 வினாடி மீதம். தவறிய ஃப்ரீ த்ரோவின் ரீபவுண்டை எடுத்த கிறிஸ் வெப்பர், பாஸ் போடப் போய்ப் பின்வாங்கி, ஊன்றிய காலை இழுத்துவிட்டார். பட்டவர்த்தனமான ட்ராவலிங். கரோலைனா பெஞ்ச் மொத்தமும் எழுந்து கத்தியது. விசில் வரவில்லை. வெப்பர் தானே பந்தை ஓட்டிக்கொண்டு மறுபக்க மூலைக்குப் போய், இருவரிடையே மாட்டிக்கொண்டு, 11 வினாடி இருக்கும்போது டைம் அவுட் கேட்டார். மிச்சிகனிடம் டைம் அவுட் மிச்சமில்லை. டெக்னிக்கல் ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் கரோலைனாவுக்கு. 77-71. நடுவர் அந்த ட்ராவலிங்கை ஊதியிருந்தால் வெப்பர் டைம் அவுட் கேட்கும் இடத்துக்கே வந்திருக்க மாட்டார். அவருக்குச் சாதகமாக ஊதாமல் விட்ட விசில்தான் அவரை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தியது. இதில் ஒரு பக்கக்குறிப்பு: ஃபீபா விதிப்படி இந்த விபத்து நடக்கவே முடியாது. அங்கே டைம் அவுட் கேட்பது கோச்சின் வேலை, அதுவும் ஸ்கோரர் மேசை வழியாக. கோர்ட்டுக்குள் நிற்கும் பையன் என்ன கத்தினாலும் மேசை கண்டுகொள்ளாது.

அத்தனை பேர் பார்த்த ட்ராவலிங்கை மூன்று நடுவர் எப்படிப் பார்க்காமல் விட்டார்கள்? டிவி கேமரா பந்தைப் பார்க்கிறது, நீங்களும் பந்தைப் பார்க்கிறீர்கள். நடுவருக்குச் சொல்லிக்கொடுப்பதோ பந்து வைத்திருப்பவரை விட்டுத் தடுப்பவரைப் பார் என்று. தடுப்பவர் இடத்தில் நின்றாரா, கை எங்கே இருந்தது, இடுப்பால் தள்ளினாரா என்பதில் கண் இருக்கும்போது கால் நகர்வு ஓரக்கண்ணில்தான் விழும். 2019 அரையிறுதியில் வர்ஜீனியாவின் டை ஜெரோம் செய்த டபுள் டிரிபிளைப் போட்டுப் பாருங்கள். ஆபர்ன் 62-60 மேலே, சில வினாடிகள்தான் மீதம். டிரிபிள் செய்யும்போது பந்து அவர் குதிகாலில் பட்டு விலகியது. இரண்டு கையாலும் பிடித்துவிட்டு மறுபடி டிரிபிள் செய்தார். விசில் இல்லை. அதே கணத்தில் பின்னாலிருந்து ஓர் ஆபர்ன் வீரரின் கை ஜெரோமின் பனியனைப் பிடிக்கிறது. அருகில் இருந்த நடுவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்பது என் ஊகம், வெறும் ஊகம். அவர் தவறவிட்டார் என்பதில் சந்தேகமில்லை. அடுத்த சில வினாடியில் மூலையிலிருந்து த்ரீ எறிந்த கைல் கையின் மேல் தடுப்பாளர் மோதினார், 0.6 வினாடி இருக்கும்போது ஃபவுல் ஊதினார்கள், மூன்று ஃப்ரீ த்ரோவும் விழுந்து வர்ஜீனியா 63-62. விதிப்படி அந்த ஃபவுல் சரி. பத்து வினாடிக்குள் ஊதாததற்கும் வசவு, ஊதியதற்கும் வசவு.

கடைசி நேரத்தில் ஊதாமல் விடுவது நடுநிலை என்று பலரும் நினைக்கிறார்கள். ‘வீரர்களே முடிவு செய்யட்டும்’ என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம், சிமெண்ட் தரை, விளக்கு வெளிச்சம், கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கூட்டம். ஒரு பாயிண்ட் பின்தங்கிய அணியின் பையன் ஆறேழு வினாடி இருக்கும்போது உள்ளே பாய்ந்தான். தடுத்தவனின் இடுப்பு அவன் தொடையில் இடித்ததை நான் நேராகப் பார்த்தேன். ஃபாக்ஸ் 40 விசில் பல்லிடுக்கில் இருந்தது. ஊதவில்லை. ஷாட் தவறியது, ஆட்டம் முடிந்தது. அந்தப் பையன் என்னிடம் வந்து கத்தியிருந்தால் பரவாயில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்: “சார், ஃபர்ஸ்ட் குவார்ட்டர்ல இதையே எம்மேல ஊதினீங்களே?” ஊதியிருந்தேன். அதே இடுப்பு, அதே அளவு இடி. கூட்டத்துக்குப் பயந்து விட்டேனா, முடிவை என் கையால் எழுதக் கூடாது என்று விட்டேனா என்று எனக்கே தெளிவில்லை. எப்படியானாலும், விட்டதால் தடுத்தவன் அணிக்குக் கோப்பையைக் கொடுத்தேன்.

அதனால், 2023இல் சான் டியேகோ ஸ்டேட்–கிரெய்ட்டன் ஆட்டத்தில் 56-56 என்று இருக்கும்போது, 1.2 வினாடி மீதமிருக்க, எறிபவரின் இடுப்பில் கை வைத்ததற்காக ஊதிய நடுவரை நான் மனதுக்குள் மெச்சினேன். அந்த ஒரு ஃப்ரீ த்ரோவில் சான் டியேகோ ஸ்டேட் 57-56 என்று வென்று இறுதி நால்வருக்குள் போனது. 2024 பெண்கள் அரையிறுதியில் ஐயோவாவுக்கு எதிராக ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்த கனெக்டிகட் மேல், 3.9 வினாடி இருக்கும்போது ஸ்க்ரீன் (எதிராளியை அசையாமல் மறித்து நிற்பது) நகர்ந்தது என்று ஆலியா எட்வர்ட்ஸுக்கு ஊதிய ஃபவுலில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. நகர்ந்தது நிஜம். ஆனால் அந்த அளவு நகரும் ஸ்க்ரீன்கள் அன்றைய நாற்பது நிமிடத்திலும் விசில் இல்லாமல் போயிருக்கும். உங்கள் கேள்வியின் நியாயமான பகுதி இங்கேதான் இருக்கிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் சரியான ஃபவுல், அந்த ஆட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால் புதிய ஃபவுல். வீரர்கள் முதல் பத்து நிமிடத்தில் நடுவரின் அளவைப் படித்துக்கொள்கிறார்கள். அந்த அளவு கடைசியில் மாறினால் அவர்களுக்கு அது வேறு விதி.

நடுவர்கள் இரு அணிகளின் ஃபவுல் எண்ணிக்கையைச் சரிக்கட்டப் பார்க்கிறார்களா என்ற சந்தேகமும் இதோடு வரும். 2004-05 கல்லூரிப் பருவத்தின் ஆட்டங்களை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வந்தது. ஃபவுல் எண்ணிக்கை குறைவாக இருக்கும் அணி மேல் அடுத்த ஃபவுல் விழும் வாய்ப்பு கூடுதல், வெளியூர் அணிக்கும் முன்னிலையில் உள்ள அணிக்கும் கூடுதல் என்று அதில் கண்டார்கள். எண்கள் இருப்பது உறுதி. காரணம் நடுவரின் மனச்சாய்வுதானா என்பது அவ்வளவு உறுதியில்லை. நிறைய ஃபவுல் வாங்கிய அணி அடக்கி வாசிக்கத் தொடங்கும், வாங்காத அணி துணிச்சலாக நெருக்கும். அதிலும் எண்ணிக்கை சமனாகும். என் அனுபவத்தைக் கேட்டால், மேசைப் பலகையில் 7-2 என்று ஃபவுல் எண்ணிக்கை தெரியும்போது மனதில் ஒரு உறுத்தல் வரத்தான் செய்யும். வரவே வராது என்று சொல்லும் நடுவரை நான் நம்புவதில்லை.

ஆட்டத்துக்கு ஆட்டம் அளவு மாறுவதற்கு அமைப்புரீதியான காரணமும் உண்டு. என்.பி.ஏ. நடுவர்கள் லீகின் முழுநேர ஊழியர்கள். 2015 மார்ச்சில் இருந்து, நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிட முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சரியா தவறா என்று லீகே வெளியிடுகிறது. கல்லூரி ஆட்டத்தில் முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள். நடுவர்களோ ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் வருபவர்கள். அவர்களை அமர்த்துவது கான்ஃபரன்ஸ்கள், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள். மார்ச் போட்டிகளில் வெவ்வேறு கான்ஃபரன்ஸ்காரர்களை ஒரே ஆட்டத்தில் சேர்த்துப் போடுகிறார்கள். அங்கங்கே ஊறிய பழக்கம் அங்கங்கே இருக்கும். இடையில் விதியும் நகர்கிறது. தாக்குபவர் எழும்புவதற்காகக் காலை ஊன்றும் முன்பே தடுப்பவர் இடத்தில் நிற்க வேண்டும் என்று 2023-24இல் சார்ஜ் (தாக்குபவர் தடுப்பவர் மேல் மோதும் ஃபவுல்) விதியை மாற்றினார்கள். பல வருடம் ஒரு நொடியைப் பார்த்துப் பழகிய கண் அதற்குச் சற்று முந்தைய நொடியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். முழுநேர வேலையாக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், என்.பி.ஏ.வின் சொந்த அறிக்கைகளே பிழைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. குறையும் என்று நம்புகிறேன், அவ்வளவுதான்.

ரீப்ளேவும் ஓரளவுக்குத்தான் உதவும். 2025-26 பருவத்தில் இருந்து ஆண்கள் ஆட்டத்திலும் கோச் ஒரு முடிவை எதிர்த்து ரீப்ளே கேட்கலாம். பந்து யார் பட்டு வெளியே போனது, கூடைக்குள் இறங்கும் பந்தைத் தொட்டார்களா, கூடைக்கடியில் உள்ள அரைவட்டத்துக்குள் உதவித் தடுப்பாளர் நின்றாரா, இவ்வளவுதான் கேட்கலாம். கேட்க ஒரு டைம் அவுட் கையில் இருக்க வேண்டும். ஜெரோமின் டபுள் டிரிபிளோ வெப்பரின் ட்ராவலிங்கோ இன்றைக்கும் இதில் வராது. ஃப்ளாக்கின் ஃபவுலும் வராது.

அந்த ஃபவுலுக்கே வருவோம். வர்ணனையாளர்கள் ‘ஓவர் தி பேக்’ என்று சொல்வது விதிப்புத்தகத்தில் இல்லாத சொல். முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலே கையை நீட்டிப் பந்தை எடுப்பது தவறே இல்லை. அவர் மேல் கையைப் போட்டு அவர் எழும்புவதைத் தடுத்தாலோ, இடத்தைவிட்டு நகர்த்தினாலோதான் ஃபவுல். ஃப்ளாக்கின் கை ராபர்ட்ஸ் மேல் இருந்தது. அது ராபர்ட்ஸை எவ்வளவு தடுத்தது என்பதில் இரண்டு நல்ல நடுவர்கள் இரண்டு விதமாகச் சொல்லலாம். நான் ஊதியிருப்பேன், ஆனால் ஊதாதவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் பாதியில் ஊதியிருப்பார்களா என்று கேட்டீர்கள். கூடைக்கடியில் எட்டுப் பேர் முட்டிக்கொள்ளும் சாதாரண ரீபவுண்டில் இந்த அளவு தொடுகை தப்பிப் போகும். ஃப்ரீ த்ரோ ரீபவுண்டில் எல்லாரும் வரிசையில் நின்று தொடங்குவதால் நடுவரின் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரியும்.

அந்த வரிசையைத்தான் நீங்கள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஃப்ரீ த்ரோவின்போது கூடைக்கு மிக அருகில் உள்ள இரண்டு இடமும் எறியாத அணிக்கு. அதாவது ராபர்ட்ஸ் உள்ளே நிற்பது விதி கொடுத்த உரிமை. ஃப்ளாக் பின்னாலிருந்து எட்டித்தான் ஆக வேண்டும். ப்ராக்டர் தவறவிட்டாலும் டியூக் ஒரு பாயிண்ட் மேலே, 20 வினாடிதான் பாக்கி. ஒருவரையும் வரிசையில் நிறுத்தாமல் நாலு பேரையும் பின்னால் இழுத்துக்கொண்டால் ரீபவுண்ட் ஹூஸ்டனுக்குத்தான், ஆனால் அவர்கள் முழு நீளமும் ஓடி, ஐந்து பேரைத் தாண்டிப் போட வேண்டும், விசிலுக்கு அங்கே வேலையே இல்லை. பல கோச்சுகள் அப்படித்தான் செய்கிறார்கள். ஃப்ளாக் மாதிரி ரீபவுண்ட் எடுக்கும் ஆள் கையில் இருக்கும்போது நானே அதைச் செய்திருப்பேனா என்றால், அந்த ரீபவுண்ட் டியூக்குக்குக் கிடைத்திருந்தால் ஆட்டம் அங்கேயே கிட்டத்தட்ட முடிந்திருக்கும். ஒருவேளை நானும் நிறுத்தித்தான் இருப்பேன்.